நோயாளி இறங்க முடியாத நீர்

தண்ணீருக்குள் நின்றபடி செய்யும் பிசியோதெரபி பயிற்சியைப் பற்றித் தென்காசிச் சீமையில் பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: இதெல்லாம் நம்மிடம் எப்போதோ இருந்ததுதானே. சங்கரன்கோவிலில் கோவிலுக்குள்ளேயே நாகசுனை இருக்கிறது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தென்மேற்கே போனால் குற்றாலம். உடம்பு நோகிறவன் சுனையில் மூழ்கினான், அருவியில் நின்றான், குணமானான். வெள்ளைக்காரன் அதற்கு வேறு பெயர் வைத்து, குழாய் பொருத்தி, கட்டணம் வாங்குகிறான் என்பது இந்த வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் இந்தப் பகுதியில் நீர் எப்படியெல்லாம் உடம்போடு சேர்ந்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. நோய்க்காக மக்கள் தேடிப்போன நீரில் பயிற்சி இருக்கவில்லை. பயிற்சி இருந்த நீருக்குள் நோயாளி இறங்கவே முடியவில்லை. இரண்டும் ஒன்று சேராமல் போனதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. நீருக்குள் இறங்கும் வழி யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

முதலில் கோவிலை எடுத்துக்கொள்வோம். பழைய அரசு ஆவணங்களில் சங்கரநயினார்கோவில் என்று வழங்கிய இந்த ஊர், உக்கிரபாண்டியன் எழுப்பியதாகச் சொல்லப்படும் சங்கரநாராயணர் கோவிலைச் சுற்றி வளர்ந்தது. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் உண்டாக்கியது நாகசுனை என்பது தலபுராணம். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று அவர்கள் வழக்காடப்போய், கோமதியம்மன் தவமிருக்க, இருவரும் ஒரே உருவாகக் காட்சி தந்த கதையைத்தான் ஆண்டுதோறும் ஆடித்தபசாகக் கொண்டாடுகிறார்கள். இந்தக் கோவிலின் வைத்தியத்தில் சுனையைவிட மண்ணுக்கே மதிப்பு அதிகம். புற்றுமண்ணைப் பூசுவார்கள், நெற்றியில் இடுவார்கள், ஊருக்கு எடுத்துப் போவார்கள். பாம்பு, தேள் உருவங்களை வாங்கிச் செலுத்துவார்கள். அம்மன் சன்னதி முன்னால் உள்ள சக்கரக் குழியில் மனம் கலங்கியவர்களை உட்கார வைப்பார்கள். இவை அனைத்திலும் ஒரு பொதுக்கூறு இருக்கிறது. நோயாளி அமர்ந்திருக்கிறார், ஏற்றுக்கொள்கிறார், காத்திருக்கிறார். செயல் மண்ணுடையது, நீருடையது, அம்மனுடையது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம்பிக்கையும், சொந்தபந்தத்தோடு கோவில் மண்டபத்தில் தங்கும் நாட்களும் வலியைத் தாங்கும் சக்தியைக் கூட்டும் என்பதை வலி மருத்துவர்களே மறுக்க மாட்டார்கள். ஆனால் முழங்கால் தசை அதனால் வலுக்காது.

குற்றாலம் கொஞ்சம் சிக்கலான சாட்சி. தென்மேற்குப் பருவக்காற்றில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் விழும். மலையிலிருந்து வரும் சிற்றாறு இடையில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பேரருவியாகக் கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அதன்கீழ் மனிதர் நிற்க முடியாது. கும்பெனிக் காலத்திலேயே ஆங்கில அதிகாரிகள் சீசனுக்கு இங்கே வந்து தங்கினார்கள். உடல்நலத்துக்கான ஊர் என்ற பெயர் மாவட்டக் கெசட்டியர் வரை ஏறிவிட்டது. நம்மவர்களோ எண்ணெய் தேய்த்து, உடம்பைப் பிடித்துவிடச் சொல்லி, பிறகு அருவிக்குள் போனார்கள். தோளிலும் முதுகிலும் நீர் அடிக்கும்போது வலி மறப்பது கற்பனையல்ல. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த வலிவாயில் கோட்பாடு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது: தொடுதலும் அழுத்தமும் கொண்டுவரும் செய்திகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை முந்திக்கொண்டு அதன் வழியை அடைக்கின்றன. இடித்துக்கொண்ட முழங்கையை நாமே தேய்த்துவிடுவதும் இதே காரியம். ஆனால் தேய்ப்பதை நிறுத்தினால் வலி திரும்புகிறது. அருவியும் அப்படித்தான். அதோடு அருவிக்குப் போக வேண்டுமானால் ஈரப்பாறையில் நடக்க வேண்டும், கூட்டத்தில் இடிபட வேண்டும், நீரின் அடியைத் தாங்கிக் காலூன்றி நிற்க வேண்டும். வலியுள்ள திடகாத்திரர்களுக்கு ஏற்ற வைத்தியம் அது. பக்கவாதம் வந்தவருக்கும் இடுப்பெலும்பு முறிந்தவருக்கும் அல்ல. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. நல்ல காலுள்ளவர்களே ஓடித் தப்பிக்க வேண்டிய இடம் அது என்பதை மறக்கக் கூடாது.

சித்த மருத்துவத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் பகுதி இது, கேள்வி நியாயமானது. சித்தர் மரபு புற மருத்துவத்தை முப்பத்திரண்டாக வகுக்கிறது. ஒற்றடம், வேது, பற்று, தொக்கணம் எல்லாம் அதில் உண்டு. நீர் என்றும் ஒரு வகை உண்டு; ஆனால் அது புண்ணைக் கழுவும் மருந்து நீர். தொக்கணத்தில் வைத்தியரின் கை வேலை செய்கிறது, நோயாளியின் உடம்பு கிடக்கிறது. பின்னால் வந்த இயற்கை மருத்துவமும் இந்த வகையில் வேறுபடவில்லை. ஜெர்மனியின் லூயி கூனே சொன்ன இடுப்புக் குளியலைக் காந்தி தென்னாப்பிரிக்காவிலேயே கைக்கொண்டார்; அவர் வழியாகவும் கூனே நூலின் மொழிபெயர்ப்புகள் வழியாகவும் அது தென்னிந்தியாவில் பரவியது. தொட்டியில் உட்கார்ந்து வயிற்றைத் தேய்த்துக்கொள்ளும் அந்த முறைக்கும், மார்பளவு நீரில் நடந்து பழகுவதற்கும் பொதுவாக இருப்பது தண்ணீர் மட்டுமே.

இரண்டாவதில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இடுப்பளவு நீரில் நிற்கிறவரின் கால்கள் அவருடைய எடையில் ஏறத்தாழ பாதியைத்தான் சுமக்கின்றன. நெஞ்சுக்குழி வரை இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ எடையுள்ள பெண் தரையில் ஓரடி வைக்கும்போது வீறிடும் மூட்டு, கழுத்தளவு நீரில் ஆறு கிலோவுக்குப் பதில் சொன்னால் போதும். கூடவே நீர் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் காலில் கோர்த்த வீக்கம் வடிய உதவுகிறது. வேகமாக அசைத்தால் நீர் எதிர்க்கிறது, மெதுவாக அசைத்தால் விட்டுக்கொடுக்கிறது. ஆகவே தசைக்குத் தேவையான சுமையை நோயாளியே தன் வேகத்தால் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். விழுந்தாலும் எலும்பு முறியாது என்ற தைரியம் இருப்பதால், தரையில் நடக்கப் பயந்தவர் நீரில் அடியெடுத்து வைக்கிறார். இதற்கு நீர் 33 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சில்லிட்ட நீரில் தசை இறுகிக்கொள்ளும். ஆழம் தெரிந்த, அலையாத, வெதுவெதுப்பான நீரும், அதற்குள் நோயாளி தன் முயற்சியால் அசைவதும் சேர்ந்ததே இந்தச் சிகிச்சை. மலையிலிருந்து குளிர்ந்து விழுந்து அடிக்கும் அருவி இதற்கு நேர் எதிர்.

அப்படியானால் இந்தப் பகுதியில் இதற்கு உறவுக்காரர் யாருமே இல்லையா? இருக்கிறார், ஆனால் அவரை யாரும் வைத்தியர் என்று நினைத்ததில்லை. ஆற்றுப் பாசனம் எட்டாத சங்கரன்கோவில் வட்டாரத்தை வாழவைத்தவை குளங்களும் கிணறுகளும். கமலை கட்டி இறைத்த காலத்திலும், பிறகு பம்புசெட் வந்த காலத்திலும், அகலமாக வெட்டிப் பக்கச்சுவரில் கற்படி வைத்த தோட்டத்துக் கிணறுதான் ஊர்ப் பிள்ளைகளின் நீச்சல் பள்ளிக்கூடம். முதுகில் சுரைக்குடுக்கையையோ காய்ந்த கட்டையையோ கட்டி இறக்குவார்கள். பிற்காலத்தில் அந்த இடத்துக்கு லாரி ட்யூபும் எண்ணெய் கேனும் வந்தன. பெரியவர் ஒருவர் வயிற்றுக்கடியில் கை கொடுத்துக்கொண்டே இருந்து, பிள்ளைக்குத் தெரியாமல் கையை விலக்கிக்கொள்வார். சுவிட்சர்லாந்தின் பாட் ராகாஸ் ஊரில் வளர்ந்த சிகிச்சை முறையில் நோயாளியின் கழுத்து, இடுப்பு, கணுக்கால்களில் மிதவை வளையம் மாட்டிப் படுக்கவைத்துப் பயிற்சி தருகிறார்கள். ஜேம்ஸ் மக்மில்லன் என்ற பொறியாளர் 1949-இல் லண்டன் ஹாலிவிக் பள்ளியில் உடல் ஊனமுற்ற சிறுமிகளுக்காகத் தொடங்கிய முறையில் மிதவையே கிடையாது. கூட நிற்பவரின் கைதான் ஆதாரம், அதையும் மெல்லமெல்ல விலக்கிக்கொள்ள வேண்டும். குடுக்கை முதல் முறைக்கும், வயிற்றுக்கடியில் இருந்த கை இரண்டாவது முறைக்கும் எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். நீர் உடம்பைத் தாங்கும் என்பதும், பயத்தை எப்படி எடுக்க வேண்டும் என்பதும் கரிசல், செவல் காட்டுக் கிணறுகளில் சாதாரண அறிவாக இருந்தன. வெப்பமும் பரவாயில்லை. நிலத்தடி நீரின் சூடு அந்தந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், வெயில் விழும் நம்மூர்க் கிணறு ஐரோப்பியக் குளத்தைப்போல ஆளை விறைக்க வைப்பதில்லை.

ஆனாலும் அந்தக் கிணற்றில் இறங்கியது ஓடியாடும் பிள்ளைகள். அவர்களிலும் ஆண்பிள்ளைகளே பெரும்பாலும். பதினைந்து இருபது படி, ஒவ்வொன்றும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல், பிடிக்கக் கம்பி கிடையாது. போலியோவில் கால் சூம்பிய பிள்ளையைக் கரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் குதித்தார்கள். கிணறு யாருடையது என்பதைப் பொறுத்துச் சாதியும் கரையிலேயே நின்று காவல் காத்தது. நாகசுனைக்கும் கோவில் வாசல் உண்டு; 1939-இல் சென்னை மாகாணம் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தந்து, 1947-இல் முழு உரிமைச் சட்டமாக ஆக்கும் வரை, அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்குச் சுனையின் மகிமை கேள்விப்பட்ட கதை மட்டுமே. 1934-இல் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் குற்றாலம் வந்த காந்தி, அருவிக்குப் போகும் வழி தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்திருக்கவில்லை என்று அறிந்து குளிக்காமலே திரும்பினார். நீர் சிகிச்சையில் அத்தனை பற்றுள்ள மனிதர் தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நீரைத் தொடாமல் போனது, நம் மருத்துவ வரலாற்றில் எழுத வேண்டிய செய்தி. அரசியல் வரலாற்றில் மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.

இந்த அடைப்பு நமக்கு மட்டும் உரியதன்று. நீர்ப் பயிற்சிக்கு இன்றைய வடிவம் கொடுத்தது அமெரிக்காவின் போலியோ காலம். லாஸ் ஏஞ்சலஸில் எலும்பு மருத்துவர் சார்லஸ் லோமன் 1920களில் தன் மருத்துவமனை வளாகத்து அழகுக்குளத்தையே சிகிச்சைக் குளமாக மாற்றினார். 1921-இல் நோய் தாக்கிக் கால் விழுந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1924-இல் ஜார்ஜியா மாநிலத்தின் வாம் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்குப் போனார். ஏறத்தாழ 31 டிகிரி சூட்டில் இயல்பாகவே வரும் அந்த நீரில், தரையில் நிற்க முடியாதவரால் நிற்க முடிந்தது. 1926-இல் அந்த இடத்தையே வாங்கி அடுத்த ஆண்டு அறக்கட்டளை ஆக்கினார். ஊற்று அவருக்கு முன்பே ஒரு குளியல் தலமாகப் பெயர் வாங்கியிருந்தது. அவர் சேர்த்தது சக்கர நாற்காலி போகும் சரிவுப்பாதை, நீருக்குள் இறங்கிக் கையைப் பிடித்துக்கொள்ளும் பிசியோதெரபிஸ்ட், தசையின் வலுவை அளந்து குறிக்கும் மருத்துவர். சரியாகச் சொன்னால், குளியல் தலத்தைச் சிகிச்சைக்கூடமாக்கியது இறங்கும் வழிதான். அங்கேயும் கறுப்பின நோயாளிகளுக்கு இடமில்லை. அவர்களுக்காக டஸ்கீகியில் தனி போலியோ மையம் 1941-இல்தான் திறந்தது. காந்தி குற்றாலத்தில் குளிக்காமல் திரும்பிய அதே ஆண்டில், உலகின் மிகப் புகழ்பெற்ற சிகிச்சைக் குளத்தின் கரையிலும் ஒரு வேலி நின்றுகொண்டிருந்தது.

இந்தியாவுக்குப் போலியோ பிசியோதெரபியைக் கொண்டுவந்தது, குளத்தைக் கொண்டுவரவில்லை. 1950களின் தொடக்கத்தில் பம்பாயில் முதல் பிசியோதெரபி பள்ளி தொடங்கியபோதும், விபத்தில் தண்டுவடம் சிதைந்து சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கியபோதும், முதல் தேவை காலிப்பர், ஊன்றுகோல், தொழிற்பயிற்சி. சூடான நீர்க்குளம் ஆடம்பரப் பட்டியலில் போயிற்று. சங்கரன்கோவிலுக்கு அருகிலேயே இதன் அடுத்த அத்தியாயம் நடந்தது. கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் 1975-இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தனக்குச் சிகிச்சையளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தப் பகுதியில் சரிவுப்பாதை என்ற எண்ணம் ஊன்றியது அங்கேதான். வாசலை உடம்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும், உடம்பை வாசலுக்கு ஏற்ப அல்ல என்பதைச் சுற்று வட்டாரம் முதலில் கண்ணால் பார்த்தது ஒரு கிராமத்தில்; கோவிலிலோ அருவிக்கரையிலோ அல்ல.

போலியோ ஒழிந்துவிட்டது, இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், இனி இதற்கு என்ன தேவை என்று கேட்பவர்கள் பீடித்தட்டுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்களின் இடுப்பையும், விசைத்தறிக் கூடத்தில் ஷிப்டு முழுக்க நிற்பவர்களின் முழங்காலையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: நீர்ப் பயிற்சியால் கிடைக்கும் பலன் சிறியது. உண்மைதான். முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் பற்றி 2016-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 13 ஆய்வுகளில் 1,190 பேரின் முடிவுகளைத் தொகுத்து, வலியும் இயலாமையும் குறுகிய காலத்துக்குச் சற்றே குறைகின்றன என்றது. அற்புதம் எதுவும் இல்லை. ஆனால் தேய்மானத்துக்குத் தரப்படும் பெரும்பாலான சிகிச்சைகளின் பலனும் இந்த அளவில்தான் இருக்கிறது. வலி மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடக்கூடும், தண்ணீரால் அப்படிக் கெடுவதில்லை. மேலும் தரையில் பயிற்சி செய்யவே முடியாதவருக்கு அந்தச் சிறிய பலன்தான் முதல் படி. முதல் படியில் ஏறியவர் தரைக்கு வந்துவிடலாம். வாழ்நாள் முழுக்கக் குளத்தில் கிடக்கத் தேவையில்லை.

குடிநீருக்கே குடம் வரிசையில் நின்ற ஊரில் குளமா என்பது அடுத்த மறுப்பு. உணர்ச்சியில் இது நியாயம், கணக்கில் நியாயமில்லை. நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழமுள்ள தொட்டிக்கு ஏறத்தாழ 14,000 லிட்டர் போதும். ஒரு ஏக்கர் வயலில் ஓர் அங்குலம் நீர் கட்ட ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். வடிகட்டிச் சுழற்றினால் தொட்டி நீரை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். சூடேற்றுவதற்கு வெயிலுக்கா பஞ்சம்? உண்மையான செலவு நீரில் இல்லை. குளோரினை அன்றாடம் அளக்கிற ஆளுக்கு, நோயாளியை இறக்கித் தூக்கும் கருவிக்கு, நீருக்குள் கூடவே நிற்கும் பிசியோதெரபிஸ்டுக்கு ஆகும் செலவு அது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிசியோதெரபிஸ்டை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. தமிழ்நாட்டில் இதுவரை நடந்த பெரிய மறுவாழ்வு முயற்சிகளில் இதுவும் ஒன்று. ஆனால் குளத்தை வாசலுக்கு அனுப்ப முடியாது. நோயாளியைத்தான் குளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதனால்தான் இது பெருநகரங்களின் சில தனியார் மையங்களோடு நின்றுவிட்டது. காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு மட்டும் இறங்கும் வழி இருக்கிறது.

பழம்பெருமை பேசுகிறவர்களோடு எனக்குள்ள வழக்கு இதுதான். சுனையும் அருவியும் எல்லாவற்றையும் முன்பே கண்டுபிடித்துவிட்டன என்று சொல்லும்போது, கட்ட வேண்டிய படி கட்டியாகிவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. மேற்கிலிருந்து அப்படியே இறக்குமதி செய்யலாம் என்பவர்களும் ஒன்றைக் கவனிப்பதில்லை. குளத்தைக் கட்டிவிட்டாலும் ஐம்பது வயதுப் பீடித் தொழிலாளி நீச்சலுடையில் அதில் இறங்க மாட்டார். புடவையோடு இறங்கினால் நனைந்த துணி காலைச் சுற்றி இடறும், வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். குற்றாலம் இதற்கு எப்போதோ ஒரு விடை கண்டது: பேரருவியில் பெண்களுக்குத் தனி இடம், கூடவே வரும் பெண்கள் கூட்டம். சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு குளம் அமையுமானால், அதில் முதலில் தீர்மானிக்க வேண்டியவை பெண்களுக்கான நேரமும், முழங்கால் மூடும் பருத்தி அல்லாத உடையும், நீருக்குள் நின்று கை கொடுக்க ஒரு பெண் பிசியோதெரபிஸ்டும்தான். மோட்டாரும் டைல்ஸும் அதற்குப் பிறகு.